பூட்டுங்கள், ஆனால் மறைக்காதீர்கள்

எக்செல் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் பாதிப் பேர் ஓடியிருப்பீர்கள். மீதமிருக்கும் நல்லவர்களுக்கு வணக்கம். "30 நாளில் எக்செல்" மாதிரியான பாடம் இல்லை இது. ஒரே ஒரு சின்ன வசதியைப் பற்றிய என் கருத்து, அவ்வளவுதான். எக்செல்லில் ஒரு செல்லை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி வைக்கலாம். எங்கள் பக்கம், அதாவது ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நான் பார்த்த வரையில், இதைப் பயன்படுத்த வேண்டிய இடத்தில் யாரும் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்துகிற சிலரும் வேறு எதற்கோ பயன்படுத்துகிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் கட்சி.

முதலில் பழைய பேரேட்டை நினைத்துப் பாருங்கள். பஜாரில் பழைய மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை ஒரு எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் அழிக்க மாட்டார். மேலே ஒரு கோடு போடுவார், பக்கத்தில் சரியான எண்ணை எழுதுவார், ஓரத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து வைப்பார். பழைய எண் கோட்டுக்குக் கீழே அப்படியே தெரியும். யாராவது பிளேடால் சுரண்டி மாற்றினாலும் தாள் மெலிந்து காட்டிக்கொடுத்துவிடும். காசோலையில் "ஐந்நூறு மட்டும்" என்று எழுதுகிறோமே, அந்த 'மட்டும்' என்பதும் ஒரு பூட்டுதான். அதற்குப் பின்னால் யாரும் எதையும் சேர்க்க முடியாது.

பத்திரப் பதிவிலும் இதே கதை. 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டத்தின் 20-வது பிரிவு, பத்திரத்தில் வரிகளுக்கு நடுவே சேர்த்தது, அடித்தது, திருத்தியது எதுவாக இருந்தாலும் அதில் எழுதிக் கொடுத்தவரின் கையெழுத்தோ சுருக்கொப்பமோ இருக்க வேண்டும் என்கிறது. இல்லையென்றால் பதிவாளர் அந்தப் பத்திரத்தை ஏற்க மறுக்கலாம். திருத்தக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. திருத்தினால் தடம் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

எக்செல் ஷீட்டில் பெரும்பாலும் அந்தத் தடம் இருப்பதில்லை. ஒரு செல்லில் இருந்த ஃபார்முலாவின் மேல் ஒரு எண்ணைத் தட்டிவிட்டு என்டர் அழுத்தினால் போதும், ஃபார்முலா காணாமல் போய்விடும். வெளியே பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. முன்பு 2,500 என்று இருந்த இடத்தில் இப்போது 2,000 என்று இருக்கும். அதே எழுத்து, அதே கட்டம், அதே நிறம். முன்பு அது கணக்கு போட்டு வந்த எண், இப்போது அது கையால் அடித்த எண். சேமித்து மூடிவிட்டால் 'அன்டூ'வும் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால் இந்த விரிதாள் என்ற பொருளே அழிக்கும் தொல்லைக்காகப் பிறந்ததுதான். டான் பிரிக்லின் என்ற ஹார்வர்டு மாணவர், கரும்பலகையில் ஒரு எண் தவறினால் பேராசிரியர் அதைத் தொடர்ந்து வரும் எண்களை எல்லாம் அழித்து அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பார்த்துத்தான், ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் தானே மாறுகிற ஒரு பலகையைக் கற்பனை செய்தார். பாப் பிராங்ஸ்டனுடன் சேர்ந்து 1979-ல் 'விசிகால்க்' வந்தது. அழிப்பதைச் சுலபமாக்கிவிட்டார்கள். ரொம்பவே சுலபமாக்கிவிட்டார்கள்.

சரி, ஒரு செல் மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். எங்கள் ஊர்களிலிருந்தே இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

ராஜபாளையம் நூற்பாலை ஊர். நூலின் பருமனை 'கவுண்ட்' என்பார்கள். 40-ஆம் நம்பர் நூல், 60-ஆம் நம்பர் நூல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? 120 கஜம் நூலைச் சுற்றி எடுத்து எடை போடுவார்கள். இதற்கு 'லீ' என்று பெயர். 64.8-ஐ அந்த எடையால் (கிராமில்) வகுத்தால் கவுண்ட் வந்துவிடும். 1.62 கிராம் இருந்தால் 40. இந்த 64.8 எங்கிருந்து வந்தது? 840 கஜம் நூல் ஒரு பவுண்டு எடை இருந்தால் அது 1-ஆம் நம்பர். 120 கஜம் என்பது 840-ல் ஏழில் ஒரு பங்கு. ஒரு பவுண்டு 453.6 கிராம். ஏழால் வகுத்தால் 64.8. இப்போது ஒரு தர ஆய்வு ஷீட்டில் இந்த 64.8 ஒரு தனி செல்லில் இருக்கிறது, யாரோ கை தவறி அங்கே 68.4 என்று அடித்துவிட்டார் என்று வையுங்கள். 40-ஆம் நம்பர் நூல் 42-க்கும் மேல் என்று காட்டும். நூல் சரியாக இருக்கும், கணக்கு அதை மெலிந்த நூல் என்று சொல்லும். நல்லவேளை, நூலை எடுத்து விரலில் உருட்டிப் பார்க்கிற அனுபவசாலி ஒருவர் மில்லில் எப்போதும் இருப்பார். "என்னப்பா இது?" என்று கேட்டுவிடுவார்.

பால் விஷயத்தில் அப்படிக் கேட்க முடியாது. ராஜபாளையத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். பால்கோவா ஊர். பால்கோவாவுக்குப் பின்னால் சுற்றுவட்டாரக் கிராமங்களின் மாடுகள் இருக்கின்றன. பொதுவாகப் பாலுக்கு விலை லிட்டரை மட்டும் வைத்துப் போடுவதில்லை. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கலான திடச்சத்து எவ்வளவு என்று பார்ப்பார்கள். இந்த இரண்டாவதைத்தான் 'எஸ்.என்.எஃப்' என்பது. லாக்டோமீட்டர் அளவை நாலால் வகுத்து, கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து, அதோடு ஒரு சின்ன நிலையெண்ணைச் சேர்த்தால் எஸ்.என்.எஃப். அந்த நிலையெண் எல்லா இடத்திலும் ஒன்று கிடையாது. 0.36 போடுகிறவர்கள் உண்டு, 0.66 போடுகிறவர்களும் உண்டு.

லாக்டோமீட்டர் 28, கொழுப்பு 4.5 என்று வைத்துக்கொள்வோம். 7-ம் 0.9-ம் சேர்ந்து 7.9. இதோடு 0.36 சேர்த்தால் 8.26. 0.66 சேர்த்தால் 8.56. அதே மாடு, அதே பால், அதே காலை. ஸ்டாண்டர்டைஸ்டு பாலுக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 8.5. ஒரு எண்ணில் பால் அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறது, இன்னொரு எண்ணில் கீழே விழுகிறது. இப்போது பல இடங்களில் மெஷினே அளந்து சீட்டு அடித்துக் கொடுத்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் மெஷினோ எக்செல்லோ, எங்கோ ஓர் இடத்தில் அந்த நிலையெண் உட்கார்ந்திருக்கத்தான் செய்கிறது. அதை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பது மாடு வைத்திருப்பவரின் வீட்டுப் பிரச்சனை. பாலை விரலில் உருட்டிப் பார்த்து "இது 8.56" என்று சொல்ல யாராலும் முடியாது.

இனி நானே பார்த்த ஒன்று. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் நிறைய. அப்படி ஒரு சின்ன இடத்தில் (பெயர் வேண்டாம்) எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் கணக்கு எழுதுகிறார். வாரக்கூலி. எத்தனை மீட்டர் ஓட்டினார் என்று ஒரு காலம், மீட்டருக்குக் கூலி ஒரு காலம், பெருக்கி வருவது ஒரு காலம், முன்பணக் கழிவு ஒரு காலம், கடைசியில் கையில் கொடுக்க வேண்டியது. ஒவ்வொரு வாரமும் போன வார ஷீட்டைக் காப்பி செய்து மீட்டரை மட்டும் மாற்றுவார். ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை அக்கா லீவு. அவர் இடத்தில் உட்கார்ந்த தம்பி, தறி ஓட்டும் அண்ணன் ஒருவர் அவசரமாக 200 ரூபாய் கூடுதலாக வாங்கியிருந்ததால், கடைசி காலத்தில் நேரடியாக எண்ணை அடித்துவிட்டான். கணக்கு எளிதாக இருக்க மீட்டருக்கு 2 ரூபாய், கழிவு 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,250 மீட்டருக்கு 2,500, கழிவு போக 2,200. அவன் அடித்தது 2,000. அந்த வாரத்துக்கு அது சரியான தொகைதான். ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனால் அந்த செல்லில் இனி ஃபார்முலா இல்லை. அடுத்த வாரம் அந்த அண்ணன் 1,400 மீட்டர் ஓட்டினார். வர வேண்டியது 2,500. வந்தது 2,000. அதற்கடுத்த வாரம் 1,350 மீட்டர், வர வேண்டியது 2,400. வந்தது அதே 2,000. இரண்டு வாரத்தில் 900 ரூபாய் காணோம்.

இதில் பயங்கரமான விஷயம் இந்த 900 அல்ல. கீழே போடும் மொத்தக் கூட்டல் சரியாக இருந்தது! அந்த 2,000-ஐயும் சேர்த்துத்தானே கூட்டுகிறது. பெட்டியிலிருந்து எடுத்த பணமும் ஷீட்டின் மொத்தமும் பைசா சுத்தமாக ஒத்துப்போனது. முதலாளி பார்த்தாலும் ஆடிட்டர் பார்த்தாலும் கண்டுபிடிக்க வழியில்லை. கண்டுபிடித்தது அந்த அண்ணனின் மனைவி. அவர் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் ஓட்டிய மீட்டரைக் கேட்டு எழுதி வைத்திருந்தார். "மூணு வாரமா ஒரே சம்பளம் எப்படி வரும்?" என்று நோட்டோடு வந்து நின்றார். பணத்தைக் கொடுத்துவிட்டார்கள், பிரச்சனை இல்லை. ஆனால் நோட்டு போடாத வீட்டில்?

அந்த ஷீட்டில் கடைசி காலம் பூட்டியிருந்தால் தம்பியால் அங்கே அடித்திருக்கவே முடியாது. "இந்த செல் பாதுகாக்கப்பட்டது" என்று எக்செல் தடுத்திருக்கும். வேறு வழியில்லாமல் கழிவுக் காலத்தில் 300-ஐ 500 என்று மாற்றியிருப்பான். அதுதானே நடக்க வேண்டியது. அடுத்த வாரம் அக்கா வந்து "ஏன் 500?" என்றாவது கேட்டிருப்பார்.

செய்வதும் பெரிய வித்தை இல்லை. ஒரு விஷயம் மட்டும் புரிந்தால் போதும், அது புரியாததால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். எக்செல்லில் எல்லா செல்லும் பிறக்கும்போதே பூட்டோடுதான் பிறக்கிறது. ஆனால் வாசல் கதவைச் சாத்தும் வரை அந்தப் பூட்டுக்கு வேலை இல்லை. 'ரிவ்யூ' பகுதியில் இருக்கும் 'புரொடெக்ட் ஷீட்'தான் அந்த வாசல் கதவு. நேராகப் போய் அதை அழுத்தினால் மொத்த ஷீட்டும் இறுகிவிடும், மீட்டர்கூட அடிக்க முடியாது. "ஐயோ, வேலைக்கு ஆகாது" என்று திறந்துவிடுவார்கள். அதன்பின் அந்தப் பக்கமே போவதில்லை. செய்ய வேண்டியது தலைகீழ். முதலில் எந்தெந்த செல்லில் மற்றவர்கள் அடிக்கலாமோ அவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலையும் 1-ஐயும் அழுத்தி, 'புரொடெக்‌ஷன்' பக்கத்தில் 'லாக்டு' என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும். அதற்கு ஒரு வெளிர் மஞ்சள் நிறமும் கொடுத்துவிட்டால் நல்லது. பிறகு வாசல் கதவைச் சாத்துங்கள். மஞ்சளில் அடிக்கலாம், வெள்ளையில் முடியாது. முடிந்தது. லிப்ரே ஆபீஸிலும் ஏறக்குறைய இதே முறைதான், அது இலவசமும்கூட.

பூட்டுவதற்கு முன் ஒரு சோதனை. எஃப்5 அழுத்தி, 'ஸ்பெஷல்' போய், 'ஃபார்முலாஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஃபார்முலா இருக்கும் செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தெரியும். நடுவில் ஒரு செல் மட்டும் பல் விழுந்த மாதிரி ஓட்டையாகத் தெரிந்தால், அங்கே யாரோ கையால் அடித்திருக்கிறார்கள். இதைச் செய்யாமல் பூட்டினால் தவறையும் சேர்த்துப் பூட்டி வைத்ததாகிவிடும். அதன்பின் அதை யாராலும் திருத்தவும் முடியாது!

சரி, பாஸ்வேர்டு? இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை கட்டுவார்கள். 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருடம்தான் திண்டுக்கல் பூட்டுக்கும் கிடைத்தது. எக்செல் ஷீட்டின் பூட்டு திண்டுக்கல் பூட்டு இல்லை, அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய '.எக்ஸ்.எல்.எஸ்' ஃபைலில் பாஸ்வேர்டை ஒரு மிகச் சிறிய எண்ணாகச் சுருக்கித்தான் வைத்திருந்தார்கள். அதனால் இரண்டு லட்சத்துக்கும் குறைவான முயற்சியில் ஏதோ ஒரு சாவி பொருந்திவிடும், ஒரு கம்ப்யூட்டருக்கு அது டீ குடிக்கும் நேரம். புதிய '.எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ்' ஃபைலில் பாஸ்வேர்டு வலுவாக்கப்பட்டாலும், ஃபைல் என்பது உள்ளே ஒரு ஜிப் மூட்டைதான், விவரம் தெரிந்தவர் அதிலிருந்து பூட்டு பற்றிய ஒரு வரியையே நீக்கிவிடுவார். ஷீட் பாதுகாப்பு என்பது திருட்டைத் தடுக்கும் வசதி அல்ல என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. ஃபைலைத் திறக்கவே பாஸ்வேர்டு வைப்பது வேறு, அது நிஜமாகவே எழுத்தைக் குழப்பி வைக்கும். இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, சம்பள விவரத்தை ஷீட் பூட்டில் வைத்துவிட்டுத் தூங்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

அப்படியென்றால் எதற்கு அந்தப் பூட்டு? மாட்டுத் தொழுவத்துக்கு முன்னால் குறுக்கே ஒரு மூங்கில் கழி போடுகிறோமே, அதற்காக. திருடன் தூக்கிப் போட்டுவிட்டுப் போவான். கன்றுக்குட்டி போகாது. நம் ஷீட்டுகளைக் கெடுப்பவர்களில் திருடர்கள் கொஞ்சம் பேர்தான். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் களைத்துப்போன விரல்கள்தான் நிறைய. அந்த விரல்களுக்கு மூங்கில் கழி போதும். பல இடங்களில் பாஸ்வேர்டே தேவையில்லை, காலியாக விட்டுப் பூட்டலாம். யார் வேண்டுமானாலும் திறக்கலாம், ஆனால் தெரியாமல் திறக்க முடியாது.

அந்தக் கழியிலும் சந்து உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. மஞ்சள் செல் ஒன்றை 'கட்' செய்து இன்னொரு மஞ்சள் செல்லில் 'பேஸ்ட்' செய்தால், பூட்டிய ஃபார்முலா அந்த செல்லைத் துரத்திக்கொண்டு போகும். பூட்டு பூட்டியபடியே இருக்கும், உள்ளே ஃபார்முலா மாறியிருக்கும், அல்லது '#' போட்டு ஒரு பிழை வந்து நிற்கும். எனக்கு இது முதலில் நம்பவே முடியவில்லை. வெளியிலிருந்து எதையாவது காப்பி செய்து ஒட்டினாலும், அந்த செல்லின் பூட்டுக் குணமும் கூடவே ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை அந்த மஞ்சள் செல் இறுகிப்போய் நிற்கும். 0-வுக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது போல வைக்கும் கட்டுப்பாடுகளையும் 'பேஸ்ட்' விழுங்கிவிடும். அதனால் 'கட்' வேண்டவே வேண்டாம், ஒட்டினால் 'வேல்யூஸ்' மட்டும் ஒட்டுங்கள் என்று அடிப்பவரிடம் வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போது என் முக்கியமான சண்டைக்கு வருகிறேன். 'லாக்டு' டிக்குக்குக் கீழே 'ஹிடன்' என்று இன்னொரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் செல்லைத் தொட்டாலும் ஃபார்முலா தெரியாது, விடை மட்டும் தெரியும். "ஃபார்முலாவையும் மறைத்துவிடுங்கள், பாதுகாப்பு" என்று பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் இதற்கு முழு எதிரி. கூலி ஷீட்டில், பால் ஷீட்டில், மதிப்பெண் ஷீட்டில் ஃபார்முலாவை மறைப்பது பாதுகாப்பு இல்லை. யாருடைய பணமோ அவர் கேள்வி கேட்க முடியாமல் செய்வது அது. கை வைக்கக் கூடாது என்பது நியாயம். கண் வைக்கவும் கூடாது என்றால் என்ன நியாயம்?

ஏன் இவ்வளவு கோபம் என்றால், உலகத்திலேயே பிரபலமான ஒரு எக்செல் தவறைக் கண்டுபிடித்தவர் நம்மைப் போல ஒரு மாணவர். 2010-ல் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளாதார நிபுணர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நாட்டின் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்றார்கள். சராசரி வளர்ச்சி கழித்தல் 0.1 சதவீதம் என்று காட்டினார்கள். அரசாங்கங்கள் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் (ஆம்ஹர்ஸ்ட்) தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் வகுப்பு வேலைக்காக அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். வரவே இல்லை. ஆசிரியர்களிடமே கேட்டு அவர்களுடைய எக்செல் ஃபைலை வாங்கிப் பார்த்தால், சராசரி எடுக்கும் ஃபார்முலா 20 நாடுகளில் 15-ஐ மட்டும்தான் சேர்த்திருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் விட்டுப்போயிருந்தன. அந்த எக்செல் தவறு மட்டுமே எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. சில வருடத் தரவுகளை விட்டது, சராசரிக்கு எடை கொடுத்த விதம் ஆகியவற்றுக்குத்தான் பெரிய பங்கு. எல்லாவற்றையும் சரிசெய்து 2013-ல் தன் பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் பொலினோடு ஹெர்ண்டன் வெளியிட்டபோது வந்த விடை 2.2 சதவீதம்.

யோசித்துப் பாருங்கள். அந்த ஃபைலில் ஃபார்முலாக்கள் மறைக்கப்பட்டிருந்தால் அந்த ஐந்து நாடுகளும் இன்றைக்கும் காணாமல்தான் இருக்கும். ஃபைலைக் கேட்டதும் கொடுத்த அந்த ஆசிரியர்களையும் இந்த இடத்தில் பாராட்டத்தான் வேண்டும். நம் ஊரில் ஒரு கூலிக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள், கிடைக்கிறதா என்று.

இன்னொன்று, 2012-ல் ஜே.பி. மார்கன் வங்கி லண்டனில் 600 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. இழந்ததற்குக் காரணம் சூதாட்டம் மாதிரியான வியாபாரம்தான், எக்செல் இல்லை. ஆனால் அபாயத்தை அளக்க வைத்திருந்த கணக்கு பல எக்செல் ஷீட்டுகளுக்கு நடுவே கையால் காப்பி-பேஸ்ட் செய்து ஓடிக்கொண்டிருந்தது என்றும், ஒரு இடத்தில் சராசரியால் வகுப்பதற்குப் பதில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள் என்றும் வங்கியின் சொந்த அறிக்கையே 2013-ல் சொன்னது. அதனால் அபாயம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்தது. எக்செல் சின்னக் கடைக்காரர்களின் தொல்லை மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொன்னேன்.

"பூட்டினால் வேலை ஓடாது தம்பி" என்று அனுபவசாலிகள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பூட்டிய ஷீட்டில் வரிசைப்படுத்துவது மக்கர் பண்ணும், டேபிள் தானாக நீளாது, புது ஆள் சேர்ந்தால் புது வரி சேர்க்க முடியாது. உடனே பாஸ்வேர்டைக் கேட்பார்கள், அது மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிய சீட்டில் இருக்கும். ஹி ஹி. இதற்கு நான் சொல்லும் வழி, அடிக்கும் ஷீட் வேறு, கணக்கு போடும் ஷீட் வேறு என்று பிரித்துவிடுவது. அடிக்கும் ஷீட்டில் பெயர், மீட்டர், கழிவு மட்டும். அதைத் திறந்தே வையுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். கணக்கு ஷீட் பூட்டியிருக்கட்டும். கூலி விகிதம், 64.8, 0.36 போன்றவை மூன்றாவது ஷீட்டில் தனியே, பக்கத்தில் "எந்தத் தேதியிலிருந்து" என்ற குறிப்போடு. விகிதம் மாறினால் பழையதை அழிக்காமல் கீழே புது வரி எழுதுங்கள். கணக்குப்பிள்ளையின் கோடு போடும் பழக்கம்தான் இதுவும்.

பூட்டு எதுவும் செய்ய முடியாத தொல்லைகளும் இருக்கின்றன. எக்செல் தானாகவே மாற்றிவிடுகிற சமாச்சாரங்கள். கதவு எண் 3/12 என்று அடித்தால் தேதியாக்கிவிடும். சர்வே எண் 12/3-ம் அப்படியே. 16 இலக்க பேங்க் கணக்கு எண்ணை எண்ணாக அடித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும். கூலியை பேங்கில் போடுகிற இடத்தில் இது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. மரபணு ஆராய்ச்சியாளர்கள் இந்தத் தொல்லை தாங்காமல் 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். 'மார்ச்1' என்ற மரபணு மார்ச் மாதம் முதல் தேதியாகிக்கொண்டிருந்தது. நம்மால் கதவு எண்ணை மாற்ற முடியாது. அடிக்கும் முன்பே அந்தக் காலத்தை 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுவதுதான் வழி. அடித்த பிறகு மாற்றினால் போனது போனதுதான்.

கூகுள் ஷீட்ஸில் தடமும் இருக்கிறது. எந்த செல்லை யார் எப்போது மாற்றினார் என்று பார்க்கலாம், பழைய நிலைக்குத் திரும்பலாம். பூட்டுவதற்குப் பதில் "மாற்றத்தான் வேண்டுமா?" என்று எச்சரிக்கை மட்டும் காட்டும்படியும் வைக்கலாம். ஆனால் ஃபைலின் சொந்தக்காரரை எந்தப் பூட்டும் தடுக்காது, அதையும் நினைவில் வையுங்கள்.

கம்பெனிகளுக்கு இது இப்போது சட்டமாகவே ஆகிவிட்டது. கணக்கு எழுதும் மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைக்க முடியக்கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் 1-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. பெரிய மில்களுக்கு இது பொருந்தும். நாலு தறி வைத்துத் தனி ஆளாகத் தொழில் செய்பவர் கம்பெனி இல்லை, அவருக்குப் பொருந்தாது. ஆக, எங்கே வாரக்கூலியில் 500 ரூபாய் குறைந்தால் அந்த வார மளிகையே மாறிவிடுமோ, அங்கேதான் சட்டமும் இல்லை, தடமும் இல்லை, பூட்டும் இல்லை. அங்கே இருப்பது வீட்டில் எழுதும் நோட்டு மட்டும்தான்.

அதனால் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், கணக்கு அடிப்பவரிடம் மட்டும் இருக்கக் கூடாது என்பேன். முதலாளியிடம் மட்டும் இருக்கவும் கூடாது. கூலி விகிதம் இருக்கும் ஷீட்டைத் திறக்கும்போது தறி ஓட்டுகிறவர்களில் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். வாரச் சீட்டில் கையில் கொடுக்கும் தொகையை மட்டும் அச்சடிக்காமல் மீட்டர், விகிதம், கழிவு மூன்றையும் சேர்த்து அச்சடியுங்கள். கூடுதலாக இரண்டு அங்குலத் தாள்தான் செலவு. பூட்டும்போது 'செலக்ட் லாக்டு செல்ஸ்' என்ற டிக்கை எடுத்துவிடாதீர்கள். அது இருந்தால்தான் யாராவது வந்து அந்த 2,000-த்தின் மேல் கிளிக் செய்து, மேலே ஃபார்முலா தெரிகிறதா, இல்லை வெறும் 2,000 என்றே தெரிகிறதா என்று பார்க்க முடியும்.